மின்படியும் மூலமும்: நூற்பட்டியல் பதிவுகளில் சான்று காட்டும் நெறி – திருவொற்றியூர் சார்ந்த நூல்களை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பழந்தமிழ் அச்சு நூல்கள் பல இன்று இணையத்தில் மின்படிகளாகக் கிடைக்கின்றன. நூற்பட்டியல் பதிவுகளை உருவாக்குவோர் இவற்றைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். ஆயினும், மின்படியைக் கண்டு எழுதிய பதிவுகளில் அச்சு நூலையே நேரில் கண்டது போன்ற தோற்றம் அமைந்துவிடுகிறது. இவ்வழக்கம் ஆசிரியர் பெயர், பதிப்பாண்டு, பதிப்பு வரலாறு ஆகிய மூன்றிலும் பிழைகளுக்கு இடமளிப்பதைத் திருவொற்றியூர் சார்ந்த நூல்களைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. கண்ட பொருளையே சான்றாகக் காட்டும் நெறியை வலியுறுத்துகிறது.

திறவுச்சொற்கள்: நூற்பட்டியல், மின்படி, பெயர்ச்சான்றுப் பதிவு, பதிப்பாண்டு, திருவருட்பா, திருவொற்றியூர்.

முன்னுரை

நூலகப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு செய்திக்கும் ஓர் ஆதாரம் இருத்தல் வேண்டும். 1934ஆம் ஆண்டில் தம் நூற்பட்டியல் விதித்தொகுப்பை வெளியிட்ட சீ. இரா. அரங்கநாதன் இதற்கு அடிப்படையான நெறிகளை வகுத்துள்ளார். பதிவின் தலைப்பும் அதன் வடிவமும் நூலின் முகப்புப் பக்கத்தைக் கொண்டு உறுதிசெய்யத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரு தலைப்பு ஒருவரை மட்டுமே சுட்ட வேண்டும் என்பது மற்றொன்று. நூலகர் நூலைக் கையில் வைத்துக்கொண்டு பதிவு எழுதிய காலத்தில் வகுக்கப்பட்ட நெறிகள் இவை. இன்று நூலகர் கையில் இருப்பது பெரும்பாலும் நூலன்று. நூலின் ஒரு படியை ஒரு நாளில் ஒருவர் ஒளிவருடி எடுத்த படங்களின் தொகுப்பே.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இணைய ஆவணகமான இன்டர்நெட் ஆர்க்கைவ், இலங்கையின் நூலகம் திட்டம், 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் ஆகியவற்றால் தமிழாய்வு அடைந்துள்ள பயன் அளவிடற்கரியது. இலண்டனுக்கோ கன்னிமாரா நூலகத்துக்கோ செல்ல இயலாத ஆய்வாளரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலொன்றின் முகப்பைக் காண இன்று இயல்கிறது. எனவே மின்படியைச் சான்றாகக் கொள்ளலாமா என்பது இப்போது வினாவன்று. கொண்ட சான்றை எவ்வாறு காட்டுவது என்பதே வினா. அதற்குத் திருவொற்றியூர் தக்கதொரு களமாகிறது. பாடல் பெற்ற தலமாகவும் இசைப்புலவர்கள் நாடிய ஊராகவும் இராமலிங்க அடிகளின் பாடல்களில் நிலைபெற்ற ஊராகவும் அது விளங்குவதால், அதனைச் சார்ந்த நூல்களில் பெயர், ஆண்டு, பதிப்பு ஆகிய மூன்று சிக்கல்களும் ஒருங்கே எதிர்ப்படுகின்றன.

1. ஒரே ஊரில் மூன்று தியாகராஜர்

ஒரு பெயரின் ஏற்கப்பட்ட வடிவம், அதன் மாற்று வடிவங்கள், அவற்றை உறுதிப்படுத்தும் ஆதாரங்கள் ஆகியவற்றைத் தொகுத்துவைக்கும் பதிவைப் பெயர்ச்சான்றுப் பதிவு எனலாம். நூலகர் வழக்கில் இது அத்தாரிட்டி பதிவு எனப்படும். மார்க் 21 அமைப்பில் இப்பதிவின் 670ஆம் புலம் ஆதாரத்துக்கு உரியது. எந்த நூல், எந்த ஆண்டு, நூலின் எவ்விடம், அவ்விடத்தில் பெயர் எவ்வடிவில் காணப்பட்டது என்பனவற்றை அப்புலம் கோருகிறது. தேடியும் செய்தி கிடைக்காத ஆதாரங்களைக் குறிக்க 675ஆம் புலம் தனியே உள்ளது. கண்டதையும் காணாததையும் வேறுபடுத்திப் பதியும் ஒழுங்கு இவ்வமைப்பிலேயே அடங்கியுள்ளமை கருதத்தக்கது.

திருவொற்றியூரில் தியாகராஜர் என்னும் பெயர் முதலில் கோயில் இறைவனைக் குறிக்கும். இரண்டாவதாக, அவ்வூர்த் திரிபுரசுந்தரி அம்மன்மீது ஐந்து கீர்த்தனைகள் பாடிய திருவையாற்றுத் தியாகராஜரைக் குறிக்கும் (1767–1847). அவருடைய மாணவர் வீணை குப்பையர். குப்பையரின் மகனே திருவொற்றியூர் தியாகய்யர் (1845–1917). இவர் பெயரும் தியாகராஜர் என வழங்கக்கூடியதே. தம் தந்தையின் இசைப்படைப்புகளையும் தம் படைப்புகளையும் உள்ளடக்கிய பல்லவி ஸ்வரகல்பவல்லி என்னும் நூலை இவர் 1900இல் வெளியிட்டார். இந்நூல் தெலுங்கு எழுத்தில் அச்சானது.

இந்நூலின் மின்படியைக் கொண்டு பதிவு எழுதுவோர் எதிர்கொள்ளும் இடர் எளிதானதன்று. தெலுங்கு எழுத்து அறியாதவர், மின்படி இடம்பெற்ற தளத்தில் ரோமன் எழுத்தில் தரப்பட்ட ஆசிரியர் பெயரையே நம்ப வேண்டியவராகிறார். அப்பெயர் தியாகராஜா என்று மட்டும் தரப்பட்டிருப்பின், 1845இல் பிறந்தவரின் நூல் 1847இல் மறைந்தவரின் பெயருக்குக் கீழ்ச் சென்றடையும். சகானா இராகத்தில் அமைந்த கருணிம்ப என்னும் வர்ணம் இன்றும் இசைமாணவர் பயிலும் பாடமாகும். அதனை இயற்றியவர் திருவொற்றியூர் தியாகய்யர். பட்டியல் பிழைபட்டால் பாடம் நிலைத்திருக்க, ஆசிரியர் மட்டும் மறைந்துபோவார். பெரும்புகழ் பெற்றவர் ஒருவர் இருக்கும்போது, அவர் பெயரைக் கொண்ட பிறருடைய படைப்புகள் அவர்பால் ஈர்க்கப்படுதல் இலக்கிய வரலாற்றில் அரிதன்று. நூற்பட்டியல் அதற்குத் துணைபோகாமல் இருப்பதே அதன் கடமை.

இவ்விடத்தில் 670ஆம் புலத்தில் நூற்பெயரையும் 1900 என்னும் ஆண்டையும் மட்டும் எழுதினால், பின்வருவோர் அதனை முகப்புப் பக்கத்தில் கண்ட செய்தியாகவே கொள்வர். பெயர் முகப்பில் தெலுங்கு எழுத்தில் காணப்பட்டதா, தளத்தின் விவரப் பட்டியலில் ரோமன் எழுத்தில் காணப்பட்டதா என்பது எழுதப்பட்டிருப்பின், இரண்டாம் நிலைச் சான்றை மீளாய்வு செய்ய வேண்டும் என்பது அவர்களுக்குப் புலப்படும். ஒரே நூலிலிருந்து எடுக்கப்பட்டவை போலத் தோன்றும் இவ்விரு சான்றுகளுக்கும் இடையேயான தொலைவு பெரிது. முன்னது பதிப்பித்தவர் கூற்று. பின்னது மின்னுருவாக்கத்தின்போது விவரம் உள்ளிட்டவரின் கூற்று.

2. 1867: ஆண்டைக் கணித்தல்

இராமலிங்க அடிகள் (1823–1874) சென்னையில் வாழ்ந்த காலத்தில் திருவொற்றியூர் இறைவன்மீதும் வடிவுடையம்மன்மீதும் பாடிய பாடல்கள் திருவருட்பாவின் பெரும்பகுதியாக அமைகின்றன. வடிவுடை மாணிக்க மாலை, எழுத்தறியும் பெருமான் மாலை ஆகியன அவற்றுட் சில. தொழுவூர் வேலாயுத முதலியார் முதல் நான்கு திருமுறைகளை 1867 பிப்ரவரியில் பதிப்பித்தார்.

இவ்வாண்டு தமிழ் நூற்பட்டியல் வரலாற்றில் ஓர் எல்லைக்கோடாகும். ஜான் மர்டாக்கின் தமிழ் அச்சு நூல் பட்டியல் 1865இல் வெளிவந்தது. எனவே அதில் இந்நூல் இடம்பெற வழியில்லை. அச்சகங்களையும் நூல்களையும் பதிவுசெய்யும் 1867ஆம் ஆண்டின் 25ஆம் சட்டம் அவ்வாண்டு மார்ச் 22ஆம் நாளன்றுதான் ஒப்புதல் பெற்றது. அச்சட்டத்தின்வழித் தொகுக்கப்பட்ட காலாண்டுப் பட்டியல்களே பிற்கால நூல்விவரத் தொகுப்புகளுக்கு அடித்தளமாயின. அதற்கு முந்தைய மாதத்தில் வெளிவந்த நூலுக்கு அப்பட்டியல்களின் துணையை எதிர்பார்த்தல் இயலாது. ஆக, இரண்டு பெரும் ஆதாரங்களுக்கும் இடையில் விழுந்த நூல் இது. இத்தகைய நூலுக்கு எஞ்சிய படிகளே முதன்மைச் சான்று. அப்படிகளைக் காண இயலாதவர்க்கு அவற்றின் மின்படிகளே சான்று.

பழைய நூல்கள் பல தம் ஆண்டைத் தமிழ் ஆண்டுப் பெயரால் குறிக்கின்றன. 1867 பிப்ரவரி அட்சய ஆண்டில் அடங்கும். அட்சய ஆண்டு 1866 ஏப்ரலில் தொடங்கி 1867 ஏப்ரலில் முடிவது. ஆண்டுப் பெயரை மட்டும் கண்டு மாதத்தைக் காணாதவர் அதனை 1866 என மாற்றி எழுதக்கூடும். அதனினும் பெரிய இடர் அறுபதாண்டுச் சுழற்சியால் விளைவது. அட்சய 1926–27இலும் வந்தது, 1986–87இலும் வந்தது. முகப்புப் பக்கம் சிதைந்து, ஆண்டுப் பெயர் மட்டும் எஞ்சிய மின்படியொன்றில் பதிப்பு அறுபதாண்டு முன்னோ பின்னோ தள்ளப்படலாம். தாளின் தன்மை, கட்டமைப்பு, நூலக முத்திரை முதலியவற்றை நேரில் காண்பவர் இப்பிழையை எளிதில் தவிர்ப்பார். கறுப்பு வெள்ளையாக வருடப்பட்ட படத்தைக் காண்பவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை.

ஆண்டு மட்டுமன்றி, ஆசிரியர் பெயரும் இந்நூலில் வழக்குக்குரிய பொருளே. தம்மை இராமலிங்கசாமி என வழங்குவதில் தமக்கு உடன்பாடு இல்லை என அடிகள் தம் அன்பர்க்குக் கடிதத்தில் தெரிவித்தார். நூலுக்கும் ஆசிரியர்க்கும் வழங்கப்பட்ட பெயர்களை எதிர்த்தெழுந்த அருட்பா மருட்பா விவாதம் ஆறுமுக நாவலரின் 1869ஆம் ஆண்டு மறுப்பு முதல் நெடுங்காலம் நீடித்தது. ஆகவே, முதற்பதிப்பின் முகப்பில் ஆசிரியர் பெயர் எவ்வாறு அச்சிடப்பட்டது என்பது வெறும் பட்டியல் விவரமன்று. ஒரு சமய விவாதத்தின் ஆவணச்சான்று. பிற்காலப் பதிப்பின் மின்படியில் கண்ட பெயரை 1867ஆம் ஆண்டுப் பதிவில் ஏற்றுதல் அவ்விவாதத்தின் ஒரு தரப்புக்கு அறியாமலே சான்று அளிப்பதாக முடியும்.

3. பெயர் ஒன்று, பதிப்புகள் பல

திருவருட்பா என்னும் ஒரே பெயரில் வேறுபட்ட பதிப்பு வரலாறு அடங்கியுள்ளது. 1867இல் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. ஐந்தாம் திருமுறை 1880இலும் ஆறாம் திருமுறை 1885இலும் வெளிவந்தன. ஆ. பாலகிருஷ்ண பிள்ளை 1931 முதல் 1958 வரை 12 பகுதிகளாக ஒரு பதிப்பைக் கொணர்ந்தார். ஊரன் அடிகளின் பதிப்பு 1972இல் வந்தது. பாடல்களைப் பகுத்தும் நிரல்படுத்தியும் எண்ணிட்டும் தந்த முறை பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும்.

இந்நிலையில் திருவருட்பா, இணையப் பதிப்பு என்று மட்டும் ஆதாரம் காட்டும் பதிவு ஆய்வுக்குப் பயன்படாது. திருவொற்றியூர்ப் பதிகமொன்றின் பாடல் எண்ணை ஓர் ஆய்வாளர் மேற்கோள் காட்டினால், அவ்வெண் எந்தப் பதிப்புக்கு உரியது என்பதைப் பட்டியல் பதிவைக் கொண்டே பிறர் அறிய இயல வேண்டும். மின்படியின் அடிப்படைப் பதிப்பு குறிக்கப்படாதவிடத்து அவ்வெண் அடையாளமற்றதாகிறது. தொகுப்பு நூல்கள் வழியே துண்டுநூல்களை அறிவோர்க்கும் இது பொருந்தும். ப. சரவணன் தொகுத்த அருட்பா மருட்பா கண்டனத் திரட்டில் ஒரு கண்டன நூலைப் படித்தவர், அத்துண்டுநூலின் முதற்பதிப்பைச் சான்றாகக் காட்டுதல் தகாது. தொகுப்பின் வழியே கண்டதாக எழுதுவதே முறை.

4. படமும் எழுத்துப்படியும்

மின்படி என்னும் ஒரு சொல்லால் இருவேறு பொருள்கள் சுட்டப்படுகின்றன. ஒன்று பக்கத்தின் படம். மற்றொன்று உள்ளிடப்பட்ட எழுத்து. படத்தில் அச்சுப்பிழையும் அப்படியே தோன்றும். எழுத்துப்படியிலோ அச்சுப்பிழையோடு உள்ளீட்டுப் பிழையும் சேரலாம். உள்ளிட்டவரின் திருத்தமும் சேரலாம். மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் பலவற்றின் தொடக்கத்தில் மூல அச்சுப் பதிப்பின் விவரமும் உள்ளிட்டோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்களும் தரப்படுகின்றன. இது போற்றத்தக்க வழக்கம். அவ்விவரத்தை விட்டுவிட்டு நூற்பெயரை மட்டும் பட்டியலில் ஏற்றுவோர் அவ்வுழைப்பின் பயனைக் குறைக்கின்றனர்.

எழுத்துணரி மென்பொருளால் உருவான எழுத்துப்படிகளில் சிக்கல் மேலும் மிகும். பழைய நூல்களில் ஆண்டுகள் தமிழ் எண்ணுருக்களில் அச்சிடப்பட்டன. ௧ என்பது க போலவும் ௮ என்பது அ போலவும் ௭ என்பது எ போலவும் தோன்றும். ௧௮௬௭ என்னும் ஆண்டு மென்பொருளின் கண்ணுக்குப் பொருளற்ற எழுத்துத் தொடராகிவிடும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ணா, றா, னா, லை போன்றவற்றின் கூட்டுவடிவங்களும் இவ்வாறே தடுமாற்றம் தருவன. ஆகவே, ஒரு பெயர் நூலில் இல்லை என்று தேடுபொறியின் விடையைக் கொண்டு முடிவு செய்தல் ஏற்புடையதன்று. 675ஆம் புலத்தில் செய்தி கிடைக்கவில்லை என எழுதுமுன், தேடப்பட்டது எழுத்துப்படியா, பக்கங்கள் முழுமையாகப் பார்க்கப்பட்டனவா என்பது தெளிவாக்கப்பட வேண்டும்.

தளங்கள் தரும் அடையாளக் குறிகளும் மயக்கம் விளைப்பன. இந்திய மின்னூலகத் திட்டத்தில் உருவான படிகள் பல இன்று இன்டர்நெட் ஆர்க்கைவில் கிடைக்கின்றன. அவற்றின் அடையாளக் குறி டிஎல்ஐ.2015 என்னும் தொடரைக் கொண்டிருக்கும். அவ்வெண் பதிப்பாண்டன்று. அக்குறியோடு வரும் நூற்பெயர்களும் ஆசிரியர் பெயர்களும் ரோமன் எழுத்தில் ஒழுங்கற்ற கூட்டலில் அமைந்திருத்தலை அப்படிகளைப் பயன்படுத்துவோர் நன்கறிவர்.

5. ஒரு பதிவு, பல மின்படிகள்

ஒரே நூலின் மின்படி பல தளங்களில் கிடைக்கும்போது ஒவ்வொன்றுக்கும் தனிப்பதிவு எழுதாமல் ஒரே பதிவு எழுதலாம் என்னும் வழிகாட்டுதல் 2009இல் பன்னாட்டுக் கூட்டுப் பட்டியலாக்க அமைப்பில் நடைமுறைக்கு வந்தது. பதிவுகள் பெருகுவதைத் தவிர்க்க எழுந்த இந்நெறி நியாயமானதே. புத்தம்புதிய வெளியீட்டு மின்னூலுக்கு அது முற்றும் பொருந்தும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூலுக்கு அதனை அவ்வாறே பொருத்துவதில் எச்சரிக்கை தேவை. ஒரு தளத்தின் படியில் முகப்பு இருக்கும், பாயிரம் இராது. மற்றொன்றில் பாயிரம் இருக்கும், இறுதித் தாள்கள் இரா. பல சிறுநூல்களை ஒன்றாகக் கட்டிய கட்டடத்தில் ஒரு நூலின் முகப்புக்குப் பின் மற்றொரு நூலின் பக்கங்கள் தொடர்வதும் உண்டு. இவற்றை ஒன்றெனக் கொண்டால், எங்கும் முழுமையாக இல்லாத ஒரு நூலைப் பட்டியல் படைத்துவிடும்.

இதற்குத் தீர்வு அவ்வழிகாட்டுதலைக் கைவிடுதல் அன்று. விவரணத்துக்கு அடிப்படையான படி எது எனக் குறிக்க மார்க் 21இல் 588ஆம் புலம் உள்ளது. அதனைப் பயன்படுத்தினால் ஒரே பதிவும் இருக்கலாம்; சான்றும் தெளிவாக இருக்கலாம். அப்புலம் நிரப்பப்படாமல் விடப்படுவதே குறை. 856ஆம் புலத்தில் தரப்படும் இணைப்பு இக்குறையை ஈடுசெய்யும் எனக் கருதுவோர் உளர். இணைப்பு என்பது நூலைச் சென்றடையும் வழி. அது சான்றின் விவரமன்று. தளம் மாறினாலோ மறைந்தாலோ இணைப்பு பயனற்றுப்போகும். எப்படியைக் கண்டு எழுதப்பட்டது என்னும் குறிப்பு அப்போதும் பொருளுடையதாகவே நிற்கும்.

6. இடைச்செருகலும் குறிப்பும்

திருவொற்றியூர் இறைவர் எழுத்தறியும் பெருமான் எனப் போற்றப்படுகிறார். மன்னன் விடுத்த வரி ஓலையில் ஒற்றியூரை விலக்கும் சொற்களை, எழுதியவரும் அறியாமல் வரிகளுக்கிடையே இறைவரே சேர்த்தார் என்பது தலவரலாறு. சேக்கிழாரும் ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்தில் இதனைக் குறிப்பிடுகிறார். புராணத்தில் இது திருவருளின் அடையாளம். ஓலை எழுதும் அலுவலர் நோக்கில் இது வேறொன்றையும் உணர்த்துகிறது: ஆவணத்தில் புகுந்த சொல் யாருடையது என அறியாவிடினும் அதன் ஆட்சி செல்லும்.

நூற்பட்டியலிலும் இதுவே நிகழ்கிறது. மின்னுருவாக்கத்தின்போது யாரோ ஒருவர் உள்ளிட்ட ஆண்டு, முகப்புப் பக்கத்தின் ஆண்டாகப் பட்டியலில் அமர்கிறது. அப்பட்டியலை நம்பி ஆய்வேடு எழுதப்படுகிறது. ஆய்வேட்டைச் சான்றாகக் கொண்டு மற்றொரு பட்டியல் எழுதப்படுகிறது. மூன்றாம் நிலையில் அப்பிழை இரண்டு தனித்தனி ஆதாரங்களால் உறுதிப்பட்ட உண்மையாகக் காட்சியளிக்கிறது. முதற்பதிவில் ஒற்றை வரிக் குறிப்பு இருந்திருப்பின் இச்சங்கிலி தொடங்கியே இராது.

7. பின்பற்றத்தக்க நெறி

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பின்வரும் நெறிகளை வகுக்கலாம்.

அ) கண்ட பொருளையே சான்றாகக் காட்டுதல். அச்சு நூலின் பெயர், பதிப்பு, ஆண்டு ஆகியவற்றை எழுதியபின், மின்படிவழிக் கண்டது என்பதையும் தளத்தின் பெயரையும் அடையாளக் குறியையும் பார்த்த நாளையும் சேர்த்தல் வேண்டும். மின்படிக்கு மூலமான அச்சுப்படி எந்நூலகத்துக்கு உரியது என்பது முத்திரையால் தெரியுமாயின் அதனையும் குறித்தல் நன்று.

ஆ) நூலின் பக்க எண்ணையும் மின்படியின் பட எண்ணையும் வேறுபடுத்துதல். முகப்பும் பாயிரமும் எண்ணிடப்படாத நூல்களில் இவ்விரண்டும் ஒத்துவருவதில்லை.

இ) முகப்பில் கண்ட வடிவத்தையும் தளத்தின் விவரப் பட்டியலில் கண்ட வடிவத்தையும் தனித்தனியே எழுதுதல். இரண்டும் முரண்படின் முகப்பே முதன்மை பெறும். முரண்பாடும் பதியப்பட வேண்டும்.

ஈ) தமிழ் ஆண்டுப் பெயரை உள்ளவாறே படியெடுத்து, கணித்த ஆங்கில ஆண்டைப் பகர அடைப்பில் தருதல். மாதம் தெரியாவிடின் இரண்டு ஆண்டுகளையும் தருதல். சுழற்சி எதனால் முடிவு செய்யப்பட்டது என்பதை ஒரு தொடரில் சொல்லுதல்.

உ) படத்தைக் கண்டதா, எழுத்துப்படியைக் கண்டதா என்பதைக் குறித்தல். குறைப்பக்கங்கள் இருப்பின் அவற்றைச் சுட்டுதல்.

இந்நெறிகள் சிறு நூலகங்களுக்குச் சுமையாகும் என்னும் எதிர்வாதம் எழக்கூடும். ஆள்பற்றாக்குறையுள்ள நூலகங்களில் ஒவ்வொரு பதிவுக்கும் கூடுதல் நேரம் செலவிடுதல் எளிதன்று என்பது உண்மையே. ஆயினும் இங்குக் கோரப்படுவது புதிய ஆய்வு அன்று. பதிவு எழுதும்போது திரையில் இருந்த செய்தியை மறவாமல் எழுதுவதே. அதற்குச் செலவாகும் ஓரிரு நிமிடங்களை, பிற்காலத்தில் ஒரு பிழையைத் தேடித் திருத்தச் செலவாகும் உழைப்போடு ஒப்பிட்டே மதிப்பிட வேண்டும். எல்லா நூல்களுக்கும் ஒரே அளவில் இதனைச் செய்ய இயலாவிடினும், 1900க்கு முற்பட்ட நூல்களுக்கும் ஒத்த பெயருடைய ஆசிரியர்களின் நூல்களுக்கும் முன்னுரிமை அளிக்கலாம்.

முடிவுரை

மின்படி மூலநூலுக்கு மாற்றன்று. அதன் ஒரு படிக்குக் கிடைத்த சாட்சி. சாட்சியின் பெயரைச் சொல்லாமல் சாட்சியத்தை மட்டும் ஏற்பது பட்டியலாக்கத்துக்கும் ஆய்வுக்கும் பொருந்தாது. திருவொற்றியூர் தியாகய்யர் தமக்குரிய நூலின் ஆசிரியராக அறியப்படுவதும், திருவருட்பா முதற்பதிப்பின் முகப்பு அதன் காலத்துக்குரிய ஆவணமாகப் படிக்கப்படுவதும் 670, 588 ஆகிய புலங்களில் எழுதப்படும் சில சொற்களைச் சார்ந்துள்ளன. தமிழ் மின்னூலகங்கள் தம் விவரப் பட்டியலில் ஒளிவருடப்பட்ட படியின் உரிமை நூலகத்தையும் குறைப்பக்கங்களையும் குறிக்கத் தொடங்கினால் நூலகரின் பணி எளிதாகும். ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலிலும் இதே நெறியைப் பல்கலைக்கழகங்கள் வலியுறுத்தினால், பட்டியலும் ஆய்வும் ஒன்றையொன்று திருத்திக்கொள்ளும் நிலை உருவாகும்.